பழவேற்காடு ஏரியைக் கனூவில் கடக்க எந்த வழி? துடுப்புப் பிடித்துப் பழகாதவர்களை அழைத்துப் போகிறவர்களுக்காக

தை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு இரண்டு கேள்விகள் வந்துவிடும். பூநாரை வந்திறங்கிவிட்டதா என்பது ஒன்று. ஏரியைத் துடுப்புப் போட்டே தாண்டலாமா என்பது இன்னொன்று. நாங்கள் இருப்பது ஏரியின் மேற்குக் கரையோரம், ஆந்திராவின் தடா பக்கம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, ஏரிக்கரையில் இரண்டும் கலந்து. முதல் கேள்விக்கு வாசலில் நின்றே பதில் சொல்லிவிடுவேன். இரண்டாவதற்கு உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

இந்த முறை கேட்டது என் அத்தை மகன். அவனும் கல்லூரி நண்பர்களும் சேர்ந்து எட்டுப் பேர், கனூ நான்கு. கனூ என்றால் துடுப்புப் போட்டு ஓட்டுகிற ஒடுங்கிய சிறு படகு. எல்லோருக்கும் ஓரளவு நீச்சல் தெரியும். குளத்தில் இரண்டு நாள் துடுப்புப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் அனுபவம். மேற்குக் கரையிலிருந்து ஏரிக்குள் இருக்கும் இரக்கம் தீவுக்குப் போக வேண்டும் என்பது ஆசை. எப்படிப் போகலாம் என்று ஒரு வாரமாக யோசித்து, ஐந்து வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஏரியைப் பற்றிக் கொஞ்சம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு. தெற்கு வடக்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். அகலம் சில இடங்களில் சில நூறு மீட்டர்தான், சில இடங்களில் 17 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடி மட்டும் தமிழ்நாடு. கிழக்கே வங்கக்கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா மணல்திட்டு கிடக்கிறது. ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். இதைச் சொன்னதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். 'இடுப்பளவுத் தண்ணிதானே, கவிழ்ந்தால் நடந்தே வந்துவிடலாம்' என்று அத்தை மகனும் சொன்னான்.

நடக்க முடியாது. நான் நடந்து பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஆறு பேரை மூன்று கனூவில் கூட்டிப்போனேன். காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது. ஒருவர் தாமதமாக வந்தார், இட்லி ஆறிவிடும் என்று உட்கார்ந்து சாப்பிட்டோம், கிளம்பும்போது ஒன்பதரை. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் பதினொன்றுக்குள் மாறிவிட்டது. ஆழம் குறைந்த ஏரியில் அலை பெரிதாக எழும்பாது. ஆனால் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிக்கொண்டு வரும். ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது படகின் வயிற்றில் பளார் என்று அடிக்கும். என் முன்னால் போன கனூவில் இருந்த பையன் துடுப்பை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் விரல் மூட்டுகள் வெளுத்துப்போயிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. விளிம்பைப் பிடித்தவன் துடுப்புப் போட மாட்டான். துடுப்பு நின்ற படகு அலைக்குக் குறுக்கே திரும்பும், திரும்பியதும் கவிழும். அப்படியே நடந்தது. தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டது. ஒரு காலை இழுத்தால் மற்றது இன்னும் இறங்குகிறது. சேற்றுக்குள் கிடந்த சிப்பி ஓடு பாதத்தைக் கிழித்தது. நல்லவேளையாக எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். அரை மணி நேரம் படகைப் பிடித்துக்கொண்டே மிதந்தோம், பிறகு ஒரு மீனவர் வந்து ஏற்றிக்கொண்டார். அன்றைய தவறு முழுக்க என்னுடையது. தாமதமாகக் கிளம்பியதும் நான் எடுத்த முடிவு, திரும்பாமல் போனதும் நான் எடுத்த முடிவு.

அதிலிருந்து எந்த வழியைப் பார்த்தாலும் முதலில் ஒரே கேள்வியைக் கேட்கிறேன். பாதை நடுவே, மிக மோசமான இடத்தில், காற்று எழும்பினால் அது எங்களை எங்கே கொண்டுபோய்த் தள்ளும்? தூரம், நேரம், செலவு எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இந்தக் கேள்விக்கு மாதத்தைப் பொறுத்துப் பதில் மாறும். தை, மாசியில் விடியற்காலையில் தரையிலிருந்து மெல்லிய காற்று வீசும், அல்லது காற்றே இருக்காது. வெயில் ஏறியதும் கிழக்கு, வடகிழக்கிலிருந்து கடல்காற்று வரும். பத்து மணி போல ஆரம்பித்து மதியத்துக்குள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அது தள்ளினால் மேற்குக் கரைக்கு, அதாவது நம் ஊர்ப்பக்கம் தள்ளும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். அது நம்மைக் கரையிலிருந்து பிரித்து ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கொண்டுபோகும். அங்கே அனுமதியில்லாமல் யாரும் கரையேறக் கூடாது. போதாததற்கு அந்த மாதங்களில் தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரியும். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிற சாலைக்கு வடக்கே பெரும்பகுதி காய்ந்தே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல், கனமழை, ஆற்று வெள்ளம். ஆகவே புதியவர்களோடு போக எனக்குத் தெரிந்த காலம் தை, மாசி மட்டும்தான். இனிச் சொல்வதெல்லாம் அந்த இரண்டு மாதத்துக்கானது.

முதல் வழி நேர்க்கோடு. வரைபடத்தில் கரைக்கும் தீவுக்கும் நடுவே ஒரு கோடு போட்டு அதன்மேல் போவது. எட்டுப் பேரும் முதலில் கேட்டது இதைத்தான். பழகாதவர்கள் அமைதியான தண்ணீரில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் போவார்கள். ஐந்து கிலோமீட்டர் திறந்த நீர் என்று வைத்தால் ஒன்றேகால் மணி நேரம். எதிர்க்காற்று வந்தால் வேகம் பாதியாகும், கை ஓய்ந்துபோனால் அதற்கும் கீழே. அப்போது நடு ஏரியில் இருந்தால் முன்னால் போவதும் பின்னால் போவதும் ஒரே தூரம். நான்கு கனூவும் நான்கு வேகத்தில் போகும், அரை மணிக்குள் ஒன்றுக்கொன்று கூப்பிட்டால் கேட்காத தூரம் வந்துவிடும். எங்கள் படகுக்காரப் பெரியவரிடம் இதைக் கேட்டேன்.

"பெரியப்பா, இங்கேர்ந்து நேரா விட்டா எவ்ளோ நேரம் ஆகும்?"

"நேரா எங்கபா போவ? காத்து உன்ன நேரா வுடுமா?"

இதற்குமேல் அந்த வழியைப் பற்றி நான் யோசிக்கவில்லை. தேர்ந்தவர்கள் நான்கு பேர் விடியலில் போனால் அது வேறு விஷயம்.

இரண்டாவது வழி, கரையை ஒட்டிப் போய், அகலம் குறைந்த இடத்தில் மட்டும் தாண்டுவது. ஏரியில் படகு ஓட்டுபவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் பாடம் இது, பெரும்பாலும் சரிதான். தூரம் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகும். ஆனால் பாதையின் பெரும்பகுதியில் கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பழகாதவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் கரையோரமாகவே கிடைக்கிறது என்பதையும் பெரிய லாபமாக நினைக்கிறேன். யார் தடுமாறுகிறார்கள், எந்த ஜோடி சண்டை போடுகிறது, யாருக்கு முதுகு வலிக்கிறது என்பதெல்லாம் திறந்த நீருக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். அங்கேயே ஆட்களை மாற்றி உட்கார வைக்கலாம், ஒருவரைக் கரையிலேயே விட்டுவிட்டும் போகலாம்.

பழவேற்காட்டில் இதற்கு இரண்டு தடங்கல் உண்டு. ஒன்று, கரையை மிகவும் ஒட்டினால் தரைதட்டும். துடுப்பு சேற்றைக் கிளறும், படகு நகராது, இறங்கித் தள்ளலாம் என்றால் மறுபடியும் அதே முழங்கால் சேறு. ஆகவே முழங்கால் ஆழம் இல்லை, இடுப்பு ஆழம் பார்த்துப் போக வேண்டும். கூடவே ஒரு மூங்கில் கழி இருந்தால் ஆழம் பார்க்கவும் ஆகும், தரைதட்டினால் ஊன்றித் தள்ளவும் ஆகும். இன்னொன்று, வலை. கழி நட்டுக் கட்டிய வலைகள் ஓடை வாய்களில் வரிசையாக நிற்கும். இந்த ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு அது. முதல் நாளே குப்பத்தில் போய்க் கேட்டால் நாளை எங்கே வலை இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். கேட்காமல் போய் வலைமேல் ஏறினால் ஒரு குடும்பத்தின் அன்றைய சம்பாத்தியம் போகும். கனூ கழியில் சிக்கிக் குறுக்கே திரும்பினால் நமக்கும் ஆபத்து.

மூன்றாவது வழி இரண்டு கனூவைச் சேர்த்துக் கட்டுவது. குறுக்கே இரண்டு மூங்கிலை வைத்து, நடுவில் சுமார் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, கனூக்களின் குறுக்குச் சட்டங்களோடு இறுகக் கட்டிவிட்டால் கிட்டத்தட்ட கவிழாத ஒரு படகு கிடைக்கும். பயந்தவர்களுக்கு இது கொடுக்கிற தைரியத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். குளத்தில் கட்டிப் பார்த்தோம். அதுவரை எழுந்து உட்காரவே பயந்த ஒரு பெண் ஐந்து நிமிடத்தில் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டாள். நான்கு பேருக்கு ஒரு தேர்ந்த ஆள் போதும் என்பது இன்னொரு வசதி. பின்காற்றில் இதைப் போல நிம்மதி வேறு இல்லை.

எதிர்க்காற்றில் அப்படி இல்லை. இரண்டு படகுக்கும் நடுவில் தண்ணீர் நெருக்குண்டு மேலே தெறிக்கும், உள்பக்க விளிம்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். கவிழாதே தவிர நிரம்பும். பதினாறடி கனூ நிரம்பிவிட்டால் பல நூறு கிலோ கனக்கும், அது பக்கத்துப் படகையும் சேர்த்து இழுக்கும். எனவே தண்ணீரை இறைக்க ஒரு குவளை, கட்டிய கயிற்றை அறுக்க ஒரு கத்தி, இரண்டும் கைக்கெட்டும் இடத்தில் கட்டித் தொங்க வேண்டும். திரும்புவதற்கும் மெதுவாகத்தான் திரும்பும். வலைக் கழிகளுக்கு நடுவே இதை நுழைத்துப் போக முடியாது. ஆகவே மொத்தப் பாதைக்கும் கட்டிக்கொண்டு போவதில் எனக்குச் சம்மதமில்லை. குறுக்கே தாண்டுகிற அந்தத் திறந்த நீருக்கு மட்டும் கட்டுவது நல்ல வழி. நடு ஏரியில் அலை வந்தபிறகு கட்டலாம் என்று நினைக்கவே கூடாது, ஆடுகிற படகில் முடிச்சுப் போட வராது.

நான்காவது, துணைக்கு ஒரு மோட்டார் படகு. மீனவரின் ஃபைபர் படகை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது. இதைத் தனி வழியாகச் சொல்வதைவிட மற்ற வழிகளோடு கட்டாயம் சேர்க்க வேண்டியது என்றே சொல்வேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சுற்றிப்பார்க்க வந்த குடும்பங்கள். அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை. மோட்டார் இருந்தால் பாதுகாப்பு என்று தானாக வந்துவிடாது. அந்தப் படகு எங்கே நிற்கிறது, யார் ஓட்டுகிறார், எத்தனை பேரை ஏற்ற இடமிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். துணைப் படகு கனூக்களுக்கு நடுவில் வரக் கூடாது. காற்று தள்ளுகிற பக்கமாக நூறு மீட்டர் விலகி வரட்டும். கவிழ்ந்தவர்கள் மிதந்து வரும் திசை அதுதான். ஆளைத் தூக்கும்போது எஞ்சினை நிறுத்திவிட வேண்டும், விசிறி வெட்டிவிடும். எட்டுப் பேரையும் ஒரே நேரத்தில் ஏற்றிக்கொள்ள இடம் வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதை நான் கற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆனது. வாடகையை முழுசாக முன்பே கொடுத்துவிடுங்கள், போனாலும் போகாவிட்டாலும் பணம் அவருடையது என்று சொல்லிக் கொடுங்கள். அப்போதுதான் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு 'இன்னிக்கு வாணாம்பா' என்று அவரால் மனசாரச் சொல்ல முடியும். போனால்தான் கூலி என்றிருக்கும் மனிதரிடம் போகலாமா என்று கேட்பது அவருக்குச் செய்கிற அநியாயம்.

ஐந்தாவது வழியைப் பலரும் வழியாகவே எடுத்துக்கொள்வதில்லை. கனூவையும் ஆட்களையும் பெரிய படகில் ஏற்றித் தீவுக்குப் போய், தீவின் காற்று மறைவான பக்கத்தில் துடுப்புப் போடுவது. வடகிழக்குக் காற்று அடிக்கும்போது தீவின் தென்மேற்குப் பக்கம் அமைதியாக இருக்கும். கரையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் நாள் முழுக்கப் பழகலாம். குழந்தைகள் இருந்தால், நீச்சல் தெரியாதவர்கள் இருந்தால், எனக்கு வேறு பேச்சே இல்லை, இதுதான். தீவில் இருப்பவர்களே பள்ளிக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் படகில்தான் வந்துபோகிறார்கள். ஏரியை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அவர்கள் படகில் போவதில் நமக்குக் குறைவு ஒன்றுமில்லை. 'கடந்தோம்' என்று சொல்லிக்கொள்ள முடியாதே என்று அத்தை மகன் முகம் வாடினான். அந்த ஆசை எனக்கும் புரிகிறது, அதனால்தான் மற்ற வழிகளையும் இவ்வளவு தூரம் அலசுகிறேன்.

எல்லா வழிக்கும் பொதுவான ஒரு சிக்கல் இருக்கிறது: திரும்பி வருவது. போவதற்குத்தான் எல்லோரும் திட்டம் போடுகிறார்கள். விடியலில் கிளம்பி ஒன்பது மணிக்குத் தீவில் இறங்கி, மீன் குழம்பு சாப்பிட்டு, ஊரைச் சுற்றிப் பார்த்தால் மதியம் இரண்டு. கடல்காற்று உச்சத்தில் இருக்கும் நேரம் அது. முதுகுப்பக்கம் அடிக்கிற காற்று வீட்டுக்குத் தள்ளிவிடும் என்பது பாதி உண்மை. பின்னாலிருந்து வரும் அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் சுழற்றும். எதிர்க்காற்றில் களைப்புத்தான் வரும், பின்காற்றில் பழகாதவர்கள் கவிழ்ந்தே போவார்கள். எடையை மாற்றினால் கொஞ்சம் உதவும். எதிர்க்காற்றில் சாமானைச் சற்று முன்னால், அணியத்துப் பக்கம் வைக்க வேண்டும், பின்காற்றில் சற்றுப் பின்னால். அலையில் பலகையில் உட்காராமல் படகின் அடியில் முழங்காலிட வேண்டும். ஆனால் சோர்ந்த எட்டுப் பேருக்கு இதெல்லாம் மதியம் இரண்டு மணிக்கு ஞாபகம் வரும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆகவே துடுப்புப் போடுவது போவதற்கு மட்டும். திரும்பி வருவது பெரிய படகில்.

இப்படி யோசித்து நாங்கள் எடுத்த முடிவு இது. ஐந்தரைக்குக் கரையில் இருக்க வேண்டும், வெளிச்சம் வந்ததும் கிளம்ப வேண்டும். வடக்கே, காற்று வரப்போகிற திசையை நோக்கி, கரையோரமாக ஒரு மணி நேரம். அங்கே கரையில் ஏறித் தண்ணீர் குடித்து, ஆட்களைப் பார்த்து, கனூக்களை இரண்டிரண்டாகக் கட்டுவது. பிறகு தென்கிழக்காகத் தாண்டுவது. காற்று எழும்பி எங்களைத் தெற்கே ஒதுக்கினாலும் தீவை விட்டு விலகாமல் இருக்க இந்த ஒரு மணி நேர ஏற்றம் உதவும். துணைப் படகு முழு நேரமும் கூடவே. எட்டரைக்குள் தாண்டத் தொடங்கவில்லை என்றால் தாண்டுவதில்லை. தண்ணீரில் வெள்ளை நுரை ஆங்காங்கே தெரிந்தால், காற்று மணிக்கு 12 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்று பொருள், அப்போதும் தாண்டுவதில்லை, மணி ஏழாக இருந்தாலும் சரி. கருவியெல்லாம் தேவையில்லை, கரையில் நின்று பார்த்தாலே போதும். எட்டுப் பேரில் ஒருவர் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் காரணம் கேட்காமல் அவரைப் பெரிய படகில் ஏற்றிக்கொள்வது. லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டு, இடுப்பு வாரை இறுக்கி, தோள்பக்கத்தைப் பிடித்து நானே தூக்கிப் பார்ப்பேன். காதுவரை ஏறி வந்தால் அது அவருடைய அளவு இல்லை.

இரண்டு மாநிலப் பகுதியிலும் ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். ராக்கெட் ஏவும் நாட்களில் கட்டுப்பாடு இருக்கும், அந்தத் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பூநாரைக் கூட்டம் எதிரே வந்தால் சுற்றிப் போவோம், நேரம் ஆனாலும். அவை ஆழமில்லாத இடத்தில்தான் நின்று மேயும், ஆகவே சுற்றிப் போவது தரைதட்டாமல் இருப்பதற்கும் நல்லது.

நேற்றுப் பெரியவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். எண்ணிப் பார்க்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சனிக்கெழம காலைல நான் வேட்டிய தலையில கட்டி நின்னா வா. தோள்ல போட்டு நின்னா டீ குடிச்சிட்டுப் போ" என்றார். எட்டுப் பேருக்கும் அதைச் சொல்லிவிட்டேன். இனி ஜாக்கெட் இரண்டு மட்டும் பாக்கி. இருப்பதில் இரண்டு, மெலிந்தவர்களுக்குப் பெரிதாக இருக்கிறது. சூளூர்ப்பேட்டையில் கேட்டுப் பார்த்தாயிற்று, நாளை சென்னைக்குப் போய் வாங்கி வர வேண்டும்.